கலியன் அளவு

ஆசீர்வாதத்தின் பாதங்கள் இரண்டும் தரையில் முழுசாகப் படிந்திருந்ததைக் கிரேஸ் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு.

இரவு ஷிப்டு முடிந்து வந்து, குளித்துவிட்டு, சுவரிலிருந்தே புடைத்து வெளியே வந்த மாதிரி இருக்கும் சிமெண்டு பெஞ்சியில் உட்கார்ந்து அவன் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வெங்காயம் கடிக்கும் சத்தம், வேலிக்கு அப்பால் கம்பி ஆலையின் உருளைகள் ஓயாமல் அரைக்கும் சத்தம், வெயிலில் காய்ந்த கூரைத் தளம் ஏதோ ஒரு மூலையில் நொறுக்கென்று விடும் சத்தம். எல்லாம் தினமும் கேட்பவைதான். பாதங்கள்தான் சரியில்லை. இந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்தால் அவன் கால்கள் தரைக்கு நாலு விரல் மேலே தொங்கும். சாப்பிடும்போது ஆட்டிக்கொண்டே இருப்பான். ஆலையில் அவனுக்கு அரைப்படி என்று பெயர். கல்யாணப் போட்டோவில்கூடக் குதிகாலை எக்கிக்கொண்டுதான் நின்றான். அவள் மட்டும் கேலி செய்யலாம், அதற்கு அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

"இன்னாய்யா, காலு தரைக்கு வந்துட்ச்சி?"

அவன் குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"வளர்ற வயசும்மே. இருவத்திரண்டு இன்னா ஒரு வயசா? சோறு போடு."

அவளும் சிரித்தாள். சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தப் பாதங்களை இன்னொரு தடவை பார்த்தாள்.

அந்த நாற்பத்தெட்டு வீடுகளையும் வரைந்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மெட்ராஸ் ஆர்க்கிடெக்ட். இந்தத் தேசத்தில் இப்படி யாரும் யோசித்ததில்லை என்று பேப்பரில் எழுதினார்களாம். சாவி கொடுத்த அன்று எஸ்டேட் குமாஸ்தா துளசிராமன் ஓர் ஆங்கிலப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக் காட்டினார். அதில் இதே வீடுகள், ஆள் இல்லாமல், பானை சட்டி இல்லாமல், எலும்பு மாதிரி வெளுப்பாக இருந்தன. துளசிராமன் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். எதைச் சொன்னாலும் ஸ்தோத்திரம் சொல்வது போலத்தான் சொல்வார்.

"மேஜை வேண்டாம், நாற்காலி வேண்டாம், கட்டில் வேண்டாம். வீடே மேஜை, வீடே நாற்காலி. எல்லாம் சுவரோட சேத்து வார்த்தது. ஒரு தொழிலாளி உட்கார எவ்வளவு, படுக்க எவ்வளவு, கையை நீட்டினா எவ்வளவுன்னு அங்குலம் அங்குலமா அளந்து போட்டிருக்கார். அதனால ஒரு ஆணி அடிக்கப்படாது. வெளியிலேர்ந்து ஒரு சாமான் உள்ளே வரப்படாது. புரிஞ்சுதா?"

சோழவரத்துக் குடிசையிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்த கயிற்றுக் கட்டிலைக் காவல்காரர்கள் கேட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டார்கள். கிரேஸால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அவர்கள் சேரியிலேயே கம்பெனி ரிஜிஸ்தரில் பேர் ஏறிய முதல் ஆள் ஆசீர்வாதம். இந்த வீடு போனால் அவனுக்கு வேலையும் போகும், மறுபடி யாரோ ஒருவரின் வயலில் குனிய வேண்டும். அதற்காக எதையும் பொறுக்கலாம் என்றிருந்தாள். அடுப்பு மேடையைத்தான் பொறுக்க முடியவில்லை. அது அவள் மார்பு உயரத்துக்கு இருந்தது. பானைக்குள் என்ன கொதிக்கிறது என்று தெரியாது. கரண்டியை மேலே தூக்கிக் கிண்ட வேண்டும், கஞ்சி வழிந்து கையில் இறங்கும். இரண்டு செங்கல் போட்டு ஏறி நின்று சமைத்தாள். மாதச் சோதனைக்கு வந்த துளசிராமன் செங்கல்லை எடுத்துப்போகச் சொன்னார்.

"கையெல்லாம் பாரு சார். வெந்து பூட்ச்சி. இதுல எப்டி சார் சமைக்கறது?"

"வரைபடத்துல சரியாத்தானே இருக்கு."

"வரைஞ்சவரு ஊட்ல சமையல் யாரு பண்றது? அவங்கள வந்து இதுல ஒரு தபா சோறு வடிக்கச் சொல்லு சார்."

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அந்த மேடையைத் துடைக்கும்போதெல்லாம் அதைக் கன்னத்தில் அறைவது போலத்தான் துடைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். காக்கிப் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. எட்டாமல் ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்த மேல் மாடத்திலிருந்து அவன் கையை நீட்டித் தீப்பெட்டியை எடுத்தான். எப்போது அங்கே வைத்தான் என்று அவளுக்குத் தெரியாது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, பல வருஷம் சிமெண்டுப் பாண்டுச் சட்டி தூக்கிய ஆளுக்கு இறங்குவது போல. ஆசீர்வாதம் ஒரு நாளும் பாண்டு தூக்கியவன் இல்லை.

பகலில் அவன் கட்டிலுக்குப் பதில் ஓர் ஆள் அளவுக்கு வார்த்திருந்த சிமெண்டுத் திண்டில் மல்லாந்து தூங்கும்போது அறையில் ஈரப் பூச்சின் வாடை வந்தது, ஆறு மாதத்துக்கு முன்பே காய்ந்துபோன சுவர்களிலிருந்து, அன்று காலைதான் கொத்தனார் கரண்டியைக் கழுவிவிட்டுப் போனது போல. அதோடு ஒரு சத்தம். தேர்வடம் இழுபடும்போது கயிறு உள்ளுக்குள் முறுகும் இல்லையா, அந்த மாதிரி மெதுவாக, நீளமாக, விட்டு விட்டு வந்தது. ஆலைச் சத்தம் என்று நினைத்து வாசலில் போய் நின்று கேட்டாள். வெளியே அந்தச் சத்தம் இல்லை. உள்ளே வந்து அவன் முழங்காலருகே காதை வைத்தாள்.

அங்கே இருந்தது.

கையை விரித்து அவனைச் சாண் போட்டாள். கல்யாணமான புதிதில் விளையாட்டாக அளந்திருக்கிறாள், அவள் சாணுக்கு எட்டரை. இப்போது ஒன்பதே முக்கால். தலைமாட்டில் இன்னும் கால் சாண் காலி இருந்தது. அந்த இடத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

எழுப்பிக் கேட்டாள். அவன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் என்று யோசிப்பது போல.

"நேரா உட்காருன்னாங்க," என்றான். "அசையாதன்னாங்க. மூணு நாளு."

"யாருய்யா?"

கண்ணை மூடிக்கொண்டான்.

ஏழாம் எண் வீட்டுச் சாராள் பத்து நாளாக வெளியேதான் படுக்கிறாள் என்பதைக் கிரேஸ் குழாயடியில் தெரிந்துகொண்டாள். வேலிக்காத்தான் நிழலில் பாயும் ஒரு மூட்டையும் போட்டிருந்தாள். சாராளுக்கு முப்பது வயதிருக்கும். அவள் புருஷன் சின்னராசு ஆலையிலேயே உயரமான ஆள், கதவு நிலையில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்து வருவான்.

"இன்னாக்கா, அண்ணன் கூட சண்டையா?"

"உன் ஊட்டுக்காரன் வளர்றானா?" என்று கேட்டாள் சாராள்.

கிரேஸின் கையிலிருந்த குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என் ஊட்டுக்காரன் குட்டையாவறான். அரை அடி எறங்கிட்டான். இப்ப நிலப்படி தலையில இடிக்கல." சாராள் எட்டிக் குழாயை மூடினாள். "அதுகூடப் பரவால்ல பொண்ணே. மூஞ்சி மாறுது. எங்க அண்ணன் மூஞ்சி. கட்டிக்கினவன் பக்கத்துல படுத்துக்கினு திரும்பிப் பாத்தா கூடப் பொறந்தவன் மூஞ்சி. நான் எப்டி உள்ள படுப்பேன், சொல்லு."

பிறகு சொன்னாள். குரலை உயர்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இந்த இடம் முழுக்கச் சாராள் குடும்பம் உழுத நிலம். நிலம் போனதும் அண்ணன் கலியன் இங்கேயே சித்தாளாகச் சேர்ந்தான். ஒருநாள் ஆர்க்கிடெக்ட் வந்தார், டேப்போடு. வெள்ளைக்காரன் அளவு புஸ்தகத்தில் இருக்கிறது, நம் ஆள் அளவு வேண்டும் என்று சொல்லி, பாண்டு தூக்கிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து கலியனைக் கூப்பிட்டார். மூன்று நாள். உட்காரச் சொல்லி முழங்கால், நிற்கச் சொல்லித் தோள், ஈரப் பூச்சில் முதுகை ஒட்டிப் படுக்கச் சொல்லி உச்சி முதல் பாதம் வரை. நாற்பத்தெட்டு வீட்டுப் பெஞ்சியும் திண்டும் மாடமும், ஆபீசில் தேக்கும் பிரம்புமாகப் போட்ட நாற்காலிகளும், எல்லாம் அந்த ஒரு உடம்பின் அளவு. போகும்போது அவன் தோளைத் தட்டி, இதெல்லாம் உன் உடம்பு, முதல் வீடு உனக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

"அவரு சொல்ட்டுப் பூட்டாரு. லிஸ்டு போட்டப்ப, நீ கான்ட்ராக்டு கூலி, ரிஜிஸ்தர்ல பேரே இல்லன்னாங்க. இவன் நேரா ஊட்டுக்குள்ள பூந்து பெஞ்சில உக்காந்துட்டான். என் ஊடு, எந்திரிக்க மாட்டேன்னான். பச்சையப்பனும் இன்னும் மூணு வாட்ச்மேனும் வந்து இஸ்தானுங்க. வரல. பெஞ்ச புடிச்சிக்கினான். வெரலு வெரலா தடியால அடிச்சி ஒடச்சி, பத்து வெரலும் ஒடஞ்சப்பறம்தான் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில வண்டியிலயே உசுரு பூட்ச்சி."

"எந்த ஊட்லக்கா?"

"எல்லாந்தான் அவன் அளவு. எந்த ஊடா இருந்தா இன்னா?"

கிரேஸ் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்தாள். வேலை போனாலும் போகட்டும். வயல் இருக்கிறது, குனிகிற முதுகு இருக்கிறது. ஆறு மாதமாக அவள் பயந்துகொண்டிருந்த விஷயம் இப்போது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

அன்று காலையிலிருந்து கரண்டு இல்லை. ஆலைக்கு மின்வெட்டு என்றால் எல்லா ஷிப்டும் வீட்டில்தான் இருக்கும், கரண்டு வந்து சங்கு ஊதியதும் ஓட வேண்டும். உருளைகள் நின்றுபோயிருந்தன. அந்தச் சத்தம் இல்லாமல் எஸ்டேட் முழுக்க வெயிலின் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டில் நாலு காவல்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எப்போதும் நிற்கத்தான் வேண்டும். வரைபடத்தில் காவல்காரனுக்கு இருக்கை போடவில்லை.

துளசிராமன் ஜன்னலை மூடிவிட்டு அரை இருட்டில் உட்கார்ந்திருந்தார். தேக்கு நாற்காலி. அகலமான பிரம்பு முதுகு. அவர் குள்ளமான, தொப்பை வைத்த மனிதர், அந்த நாற்காலியின் விளிம்பில் தொற்றிக்கொண்டுதான் இத்தனை நாளும் உட்காருவார். இன்று நன்றாகச் சாய்ந்திருந்தார்.

"சாவிய வாங்கிக்கோ சார். நாங்க காலி பண்றோம்."

"என்னடிம்மா குறைச்சல்? எங்க வீரராகவப் பெருமாளே வந்து படுத்துண்டாலும் அளவா இருக்கும் அந்தத் திண்டு. காலி பண்ணணும்னா ஒரு மாச நோட்டீஸ், உன் ஆத்துக்காரன் கையெழுத்து…"

"இன்னிக்கே போவணும் சார். இப்பவே."

"எழுந்து வந்து விதியைக் காட்டட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார்.

எழுந்தார். இன்னும் எழுந்தார். அவர் தலை எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடத்தைத் தாண்டி மேலே போயிற்று. வேட்டி முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. தொப்பை இல்லை. இடது தோள் இறங்கியிருந்தது. திருமண் இட்ட நெற்றிக்குக் கீழே அவள் ஒருபோதும் பார்த்திராத ஒரு முகம் அவளைக் குனிந்து பார்த்தது.

"ஊடு தரேன்னு சொன்னீங்களே," என்றது அவர் வாய். துளசிராமன் வாழ்நாளில் பேசியிராத பேச்சு. "எல்லாருக்கும் எதுர்ல சொன்னீங்களே நைனா."

அவள் ஓடினாள்.

வெயில். மணல். செருப்பு எங்கோ கழன்றது. சாக்கடை வெட்டுகிறவர்கள் விட்டுவிட்டுப் போன சம்மட்டி வழியில் கிடந்தது. எடுத்துக்கொண்டாள்.

ஆசீர்வாதம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான். முதுகு சுவரில். உள்ளங்கைகள் பெஞ்சியின் விளிம்பில். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழைய இடமில்லை.

"எந்திரிய்யா."

அவன் அசையவில்லை.

"எந்திரி! இந்தச் சனியன ஒடச்சிப் போட்டுட்டுப் போவலாம். எந்திரி!"

ஆறு மாதக் கோபம் அவள் கைக்கு வந்தது. பானை, கஞ்சி, வெந்த தோல், நோட்டுப் புத்தகம், கேட்டில் கிடந்து மழையில் ஊறிய கயிற்றுக் கட்டில். சம்மட்டியைத் தூக்கிப் பெஞ்சியின் முன் விளிம்பில் போட்டாள். ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

அவன் அலறினான்.

அவன் முழங்காலுக்குக் கீழே அதே அளவில் ஒரு பெயர்ப்பு. ரத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தாள். உள்ளே ஜல்லி தெரிந்தது.

சம்மட்டி அவள் கையிலிருந்து நழுவியது.

"வலிக்குதும்மே." அவன் குரல்தான். அவனுடைய சொந்தக் குரல். கண்ணில் தண்ணீர். "கிரேஸு, என்னால எந்திரிக்க முடியல. அவன் உள்ள கீறான். சங்கு ஊதறதுக்குள்ள என்ன இஸ்து வெளிய போட்டுடு."

வலது கையைப் பிடித்தாள். உள்ளங்கை பெஞ்சியிலிருந்து பிய்ந்து வந்தது, ஈரச் சாக்கு தரையிலிருந்து வருவது போல. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். தோள் கொஞ்சம் விலகியது. சுவரில் தோளின் பள்ளம். இன்னும் கொஞ்சம். முதுகு விலகும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலும் யாரோ அழுதுகொண்டே இழுத்தார்கள். அதற்கு அடுத்த வீட்டிலும். வரிசை முழுக்கப் பெண்களின் மூச்சு.

"வாய்யா. அரைப்படி. என் கண்ணு. வா."

"இஸ்தும்மே. இஸ்து. இன்னும்…"

சங்கு ஊதியது.

அவன் முகம் நின்றது. பிறகு ஈரப் பூச்சை மட்டக்கோலால் இழுத்தது போல, நெற்றியிலிருந்து கீழே வரை, ஒரே இழுப்பில் மாறியது. விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடின. ஒவ்வொரு விரலும் நடுக்கணுவில் கோணியிருந்தது. ஒடிந்து, கோணலாகக் கூடிய விரல்கள். விலகிய முதுகு மெதுவாகத் திரும்பிப் போய்ச் சுவரில் பொருந்தியது.

"என் ஊடு," என்றது.

பக்கத்து வீட்டில், "என் ஊடு."

அதற்கடுத்த வீட்டில்.

அதற்கடுத்த.

கதவுகள் திறக்கவில்லை. யாரும் வேலைக்கு ஓடவில்லை. சங்கு மறுபடி ஊதியது. ஆபீசிலிருந்து எவரும் வரவில்லை. கேட்டில் நின்றிருந்த நாலு பேர்தான் வந்தார்கள், முன்னால் பச்சையப்பன், கையில் தடி. கதவை உதைத்துத் திறந்தான்.

"இன்னாம்மா, புருசன வேலைக்கு உடாம புடிச்சிக்கினு கீறியா?"

"நான் புடிக்கல. அய்யோ, நான் புடிக்கல!"

அவர்கள் காதில் வாங்கவில்லை. இரண்டு பேர் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். உடம்பு வாசற்படி வரை போயிற்று. கை போகவில்லை. தோள் கழல்வது போல வலித்தது. பெஞ்சி வாசலை ஒட்டி இருந்ததால் அவளுக்கு வெளியே வரிசை முழுவதும் தெரிந்தது. வீட்டுக்கு வீடு வாசற்படியில், கதவைத் திறந்துகொண்டு வெளியே வரப் பார்த்த ஒரு பெண். பாதி உடம்பு வெயிலில். ஒரு கை உள்ளே.

ஏழாம் எண் வாசலில் சாராள். பத்து நாளாக உள்ளே படுக்காதவள், அவளும் புருஷனை இழுக்கப் போய் மாட்டியிருந்தாள். அவள் அழவில்லை.

"இப்ப இஸ்துப் பாருடா பச்சையப்பா!" என்று கத்தினாள். "அன்னிக்கு ஒருத்தன். இன்னிக்கு நாப்பத்தெட்டு பேரு. இஸ்துப் பாரு!"

பச்சையப்பன் உள்ளே போய் உட்கார்ந்திருந்தவனின் தோளைப் பிடித்து உலுக்கினான். உலுக்கியதும் கையை எடுத்துத் தன் உள்ளங்கையைப் பார்த்தான். வேட்டியில் துடைத்தான். பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

யாரென்று தெரிந்துகொண்டான்.

ஒரு அடி பின்னால் போனான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தடியைத் தூக்கினான். கிரேஸின் மணிக்கட்டைப் பற்றியிருந்த விரல்களைக் குறி பார்த்தான்.

"என் கையிய்யா அது! என் கை!"

கத்திக்கொண்டே அவளும் பார்த்தாள். கோணல் விரல்கள் எங்கே முடிகின்றன, அவள் மணிக்கட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் இடுக்கு இல்லை. எல்லாம் ஒரே பூச்சு. அதற்கு அப்பால் அவளுடைய ஐந்து சின்ன விரல்கள், சாம்பல் நிறத்தில், நகம் முதல் கணு வரை, ஈரம் காய்ந்துகொண்டு.

மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை.

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. தடி மேலே போயிற்று.